ஒரு பக்கக் கணக்கு: ஆண் இதயம், பெண் இதயம், நடுவில் மன அழுத்தம்

பி.காம். படிக்கிற ஆளுக்கு இதயத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வகுப்புத் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் "டென்ஷன் இதயத்தைப் பாதிக்கும்" என்று மருத்துவ உலகம் கையில் எண்களோடு பேசத் தொடங்கிய கதையில் முக்கியப் பாத்திரமே நம் ஆட்கள்தான். ஆமாம், கணக்காளர்கள்!

1957-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம். மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் சுமார் 40 கணக்காளர்களின் ரத்தத்தை ஜனவரியிலிருந்து ஜூன் வரை அடிக்கடி எடுத்துப் பரிசோதித்தார்கள். ஏன் கணக்காளர்கள்? அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 15. நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸ்களில் ஜூலை கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் எப்படி இருக்கும் என்று ஆர்டிகிள்ஷிப் பண்ணும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே நிலைமைதான் அங்கேயும். மன அழுத்தம் எந்தத் தேதியில் ஏறும், எந்தத் தேதியில் இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்த தொழில் வேறு எது?

ஏப்ரல் நெருங்க நெருங்க அவர்கள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது. ரத்தம் வழக்கத்தைவிட வேகமாக உறைந்தது. மே, ஜூன் மாதங்களில் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பின. சாப்பாடு மாறவில்லை, எடை மாறவில்லை, உடற்பயிற்சியும் மாறவில்லை. மாறியது வேலைப் பளு ஒன்றுதான். 1958-இல் இந்த முடிவு வெளியானது.

அருமையான ஆய்வு. ஆனால் அந்தக் கணக்காளர்களில் ஒரு பெண்கூட இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் காலியிடத்தைப் பற்றியது.

"இது ஆம்பளை நோய்"

இந்த எண்ணம் 1957-இல் பிறந்தது இல்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1772-இல் மார்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வலியை விவரித்து அதற்கு ஆஞ்சைனா என்று பெயர் வைத்தார். அவர் பார்த்த நோயாளிகள் ஏறக்குறைய நூறு பேர். அதில் பெண்கள் மூன்று பேர், சிறுவன் ஒருவன். மற்ற அனைவரும் ஐம்பது வயதை ஒட்டிய அல்லது தாண்டிய ஆண்கள்.

அதே லண்டனில் ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவருக்கே அந்த நோய் இருந்தது. கோபம் வந்தால் வலி வரும். தன்னைச் சீண்ட நினைக்கும் எவன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்லுவாராம். சொன்னபடியே 1793 அக்டோபர் 16 அன்று, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டம் ஒன்றில் நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு இறந்துபோனார். கோபக்கார ஆண், இறுகும் நெஞ்சு என்ற படம் மருத்துவர்கள் மனதில் பதிய இதைவிட என்ன வேண்டும்?

நூறு வருடம் கழித்தும் படம் மாறவில்லை. நவீன மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஆஸ்லர், முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் லட்சியவாதி ஆணையே இதய நோயாளியின் மாதிரியாகக் காட்டினார். பெண்களுக்கு நெஞ்சு வலித்தால்? அதைப் "போலி ஆஞ்சைனா" என்று தனியாகப் பிரித்து, நரம்புத் தளர்ச்சியோடு சேர்த்துப் பேசும் வழக்கம் அந்தக் காலத்து மருத்துவர்களிடம் இருந்தது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நடுத்தர வயதில் ஆண்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது பொய் இல்லை. பெண்களுக்கு அது சராசரியாக ஒன்பது, பத்து வருடம் தாமதமாக வருகிறது. ஆகவே ஹெபர்டன் பார்த்தது தவறு இல்லை. "பெண்களுக்குத் தாமதமாக வருகிறது" என்பது போகப் போக "பெண்களுக்கு வராது" என்று மாறியதுதான் தவறு.

துப்பு கொடுத்தது ஒரு பெண்

மறுபடி ஃபிரீட்மன், ரோசன்மனிடம் வருவோம். அவர்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவர்களது கிளினிக் நாற்காலிகளைச் சரிசெய்ய வந்தவர், இருக்கைகள் முன் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாராம். நோயாளிகள் எல்லாம் அவசரக்காரர்கள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தே தேய்த்துவிட்டார்கள்! டாக்டர்கள் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு கதை. 1950-களில் அவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு மகளிர் சங்க உறுப்பினர்களையும் அவர்கள் கணவர்களையும் வைத்து உணவு ஆய்வு செய்தார்கள். மனைவிமாரும் கணவன்மாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கொழுப்புச் சாப்பிட்டார்கள். ஆனால் மாரடைப்பு கணவன்மாருக்குத்தான் வந்தது. டாக்டர்கள் குழம்பி நின்றபோது, அந்தச் சங்கத்தின் தலைவி பதில் சொன்னார்: எங்கள் கணவன்மாரைக் கொல்வது சாப்பாடு அல்ல, ஆபீஸில் அவர்கள் படும் மன அழுத்தம்.

இதைப் பிற்பாடு சொன்னவர்கள் அந்த டாக்டர்களேதான். அந்தத் துப்பு கணக்காளர் ஆய்வுக்கு வழிவிட்டது. 1959-இல் "டைப் ஏ" என்ற புகழ்பெற்ற பெயர் பிறந்தது: எப்போதும் அவசரம், போட்டி, பொறுமையின்மை. அடுத்து 1960-இல் தொடங்கிய பெரிய ஆய்வில் கலிபோர்னியா நிறுவனங்களில் வேலை பார்த்த, 39 முதல் 59 வயதுள்ள 3,154 பேரை எட்டரை வருடம் பின்தொடர்ந்தார்கள். டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 3,154 பேரும் ஆண்கள்!

பெண்களை அவர்கள் அடியோடு மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1961-இல் சிறிய அளவில் பெண்களை வைத்தும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆனால் உலகம் பேசியது பெரிய ஆய்வைத்தான். அதில் பெண்களைச் சேர்க்காததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. நடுத்தர வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதால், அவர்களை வைத்து ஒரு முடிவுக்கு வர இன்னும் அதிகம் பேரை இன்னும் அதிக வருடம் பின்தொடர வேண்டும். செலவு கூடும். ஆகவே செலவு குறைந்த சாம்பிளை எடுத்து, அதில் வந்த விடையை "மனிதர்களின்" விடை என்று எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு கிளையின் வவுச்சர்களை மட்டும் பார்த்துவிட்டு மொத்தக் கம்பெனிக்கும் ஆடிட் ரிப்போர்ட் கொடுத்தால் நம் புரொபசர் விடுவாரா?

1964-இல் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். அமெரிக்க இதயச் சங்கம் ஒரேகான் மாநிலத்தில் இதய நோய் பற்றிப் பெண்களுக்கான முதல் மாநாட்டை நடத்தியது. பத்தாயிரம் பெண்கள் வந்தார்கள். மாநாட்டின் பெயரே "இதயங்களும் கணவர்களும்". பேசப்பட்டது, கணவனின் இதயத்தை மனைவி எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

கிளார்க் வேலை பார்த்த பெண்கள்

பெண்களைச் சேர்த்த ஆய்வே இல்லையா? இருந்தது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வில் 5,209 பேர், அவர்களில் 2,873 பேர் பெண்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் எல்லாம் இதயத்துக்கு ஆபத்து என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வது பெரும்பாலும் அந்த ஊர் மக்கள் கொடுத்த கொடை.

அங்கே சூசன் ஹெய்ன்ஸ், மேனிங் ஃபைன்லீப் என்ற இருவர், வேலைக்குப் போகும் பெண்களையும் இல்லத்தரசிகளையும் ஒப்பிட்டு 1980-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். "பெண்கள் வேலைக்குப் போனால் ஆண்கள் மாதிரியே மாரடைப்பு வரும்" என்று பலர் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம் அது. முடிவு அப்படி வரவில்லை. வேலைக்குப் போகும் பெண்களை மொத்தமாகப் பார்த்தால் இல்லத்தரசிகளோடு பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பிரிவில் மட்டும் எண் எகிறியது. கிளார்க் வேலை பார்த்த பெண்களில் 10.6 சதவீதம் பேருக்கு எட்டு வருடத்தில் இதய நோய் வந்தது. இல்லத்தரசிகளில் 5.4 சதவீதம்தான். கிளார்க்குகளிலும் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், குழந்தைகள் இருந்தவர்கள், கணவன் உடலுழைப்புத் தொழிலாளியாக இருந்தவர்கள், ஆதரவு இல்லாத மேலதிகாரியிடம் மாட்டியவர்கள், கோபத்தை வெளியே காட்டாமல் விழுங்கியவர்கள்.

டைப் ஏ ஆணின் படத்தோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே எல்லாரையும் முந்தத் துடிக்கும் மேலாளர். இங்கே எட்டு மணி நேரம் சொன்னதைச் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டாவது ஷிப்டைத் தொடங்கும் பெண். இரண்டுமே மன அழுத்தம்தான், ஆனால் ஒரே மன அழுத்தம் இல்லை. பி.காம். முடித்து நம்மில் பாதிப் பேர் போய் உட்காரப்போகும் நாற்காலி அந்தக் கிளார்க் நாற்காலிதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று 2000-இல் இதை இன்னும் தெளிவாக்கியது. ஸ்டாக்ஹோமில் ஏற்கனவே இதய நோய் வந்த 292 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் திருமண வாழ்க்கையில் கடும் மன அழுத்தம் உள்ளவர்களுக்கு நோய் திரும்ப வரும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு. வேலை அழுத்தம் மட்டும் அப்படிக் காட்டவில்லை. ஆபீஸ் அழுத்தத்தை மட்டும் அளக்கும் அளவுகோலை வைத்திருந்தால் இந்தப் பெண்கள் "டென்ஷன் இல்லாதவர்கள்" என்றே கணக்கில் ஏறியிருப்பார்கள்.

கணக்கைத் திருத்தியவர்கள்

1970, 80-களில் நிலைமை இன்னும் மோசம். தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த அதிர்ச்சிக்குப் பின், 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பெரிய இதய ஆய்வுகளும் ஆண்களோடே நின்றன. மாரடைப்பு அபாயங்களைக் குறைப்பது பற்றிய ஒரு பிரமாண்ட ஆய்வில் 12,866 பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வில் 22,071 மருத்துவர்கள், அவர்களும் ஆண்களே. இத்தனைக்கும் 1984-இலிருந்து பல ஆண்டுகள் அமெரிக்காவில் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்!

1991-இல் பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநர் ஆனார். அதே வருடம் எழுதிய சிறு கட்டுரையில் அவர் "யெண்டில் நோய்க்குறி" என்று ஒரு பெயர் வைத்தார். யெண்டில் என்பவள் ஒரு யூதக் கதையின் நாயகி, வேதம் படிக்க ஆண் வேடம் போட்டவள். ஆணைப் போலவே நோய் வந்தது என்று நிரூபித்தால்தான் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சிகிச்சை கிடைக்கிறது என்பது ஹீலியின் வாதம். 1993-இல், அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

பெண்களைச் சேர்த்ததும் தெரிந்தது என்ன?

இனி விஷயத்தின் உயிர்நாடிக்கு வருவோம்.

மன அழுத்தம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இது எல்லோருக்கும் பொது. வித்தியாசம் அதற்குப் பிறகு. அமெரிக்காவில் டியூக், எமரி பல்கலைக்கழகங்களில் இதய நோயாளிகளை உட்காரவைத்து மனக்கணக்கு போடச் சொன்னார்கள், கேமரா முன்னால் பேசச் சொன்னார்கள். (மேடையில் பேசச் சொன்னால் நமக்கே நெஞ்சு படபடக்கும்!) அப்போது இதயத்துக்குப் போகும் ரத்தத்தைப் படம் எடுத்தார்கள். ஆண்களுக்கு ரத்த அழுத்தம் அதிகமாக ஏறியது. இதயத்தின் வேலைச் சுமை கூடியதுதான் அவர்கள் பிரச்சினை. பெண்களுக்கோ நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கின. சுமை அவ்வளவு கூடாமலே ரத்த வரத்து குறைந்தது.

2018-இல் வெளியான எமரி ஆய்வில், 60 வயதுக்குள் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், மன அழுத்தச் சோதனையின்போது இதயத்துக்கு ரத்தம் குறைந்தது பெண்களில் 22 சதவீதம் பேருக்கு, ஆண்களில் 11 சதவீதம் பேருக்கு.

இதனால் ஒரு பழைய புதிரும் விளங்கியது. நெஞ்சுவலி என்று வந்த பல பெண்களின் பெரிய ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தால் அடைப்பே இருக்காது. "உங்களுக்கு ஒன்றும் இல்லை, மனப்பிரமை" என்று அனுப்பிவிடுவார்கள். பிரச்சினை படத்தில் தெரியாத நுண்குழாய்களில் இருக்கலாம் என்று யாரும் தேடவில்லை. போலி ஆஞ்சைனா எல்லாம் போலி இல்லை.

இன்னொரு வகை ஜப்பானில் கிடைத்தது. 1990-இல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த ஹிகாரு சாட்டோவும் நண்பர்களும் மாரடைப்பு போலவே இருக்கும் ஒரு விசித்திர நோயை விவரித்தார்கள். அடைப்பு இல்லை, ஆனால் இதயத்தின் நுனி செயலிழந்து பலூன் போல உப்பிவிடுகிறது. பார்ப்பதற்கு, மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கப் பயன்படுத்தும் குறுகிய கழுத்துப் பானை மாதிரி. அந்தப் பானைக்கு ஜப்பானியப் பெயர் டக்கோட்சுபோ. நோய்க்கும் அதே பெயர். நெருங்கியவரின் மரணச் செய்தி, விபத்து, நிலநடுக்கம் போன்ற அதிர்ச்சிகள் இதைத் தூண்டும். 2004 அக்டோபரில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது இந்த நோயாளிகள் திடீரென்று கூடினார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். 2015-இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டில் 1,750 நோயாளிகள், சுமார் 90 சதவீதம் பெண்கள், சராசரி வயது 67. பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள், ஆனால் எல்லோரும் இல்லை.

ஆண்களே, இது நமக்குச் சம்பந்தமில்லை என்று நகராதீர்கள். இந்த நோய் ஆண்களுக்கு அரிதாகத்தான் வருகிறது. வந்தால் இறப்பு விகிதம் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2016 முதல் 2020 வரையிலான அமெரிக்க மருத்துவமனைக் கணக்குகள் காட்டுகின்றன. "இது பொம்பளை நோய்" என்ற முத்திரையும் "இது ஆம்பளை நோய்" என்ற முத்திரை அளவுக்கு ஆபத்தானதுதான்.

ஆண்களின் பக்கத்துக்கு இன்னொரு உதாரணம். 2006 உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது, ஜெர்மனி விளையாடிய நாட்களில் மியூனிக் சுற்றுவட்டாரத்தில் இதய அவசர சிகிச்சைகள் ஆண்களுக்கு 3.26 மடங்கும் பெண்களுக்கு 1.82 மடங்கும் ஆயின. திடீர்ப் பரபரப்பு ஆண்களை அதிகம் தாக்கியது. ஆனால் பெண்களின் எண்ணும் பூஜ்யம் இல்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கு!

நமக்கு என்ன?

இதெல்லாம் அமெரிக்கா, ஸ்வீடன், ஜப்பான் கதை என்று விட்டுவிட முடியாது. 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு, இந்தியா, இலங்கை உட்பட 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்தது. மன அழுத்தம் எல்லா நாட்டிலும், இரு பாலருக்கும், முக்கியக் காரணங்களில் ஒன்றாக நின்றது.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பாவுக்கு நெஞ்சு கரித்தால் ஈ.சி.ஜி. அம்மாவுக்குக் கரித்தால் ஓமத் தண்ணீர், அதுவும் அவரே போட்டுக் குடிப்பார். "வாயுப் பிடிப்பு, சரியாயிடும்" என்று அவரே சொல்லிவிடுவார். மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முதல் அறிகுறி. அதோடு தாடை, முதுகு வலி, குமட்டல், மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி ஆகியவையும் ஆண்களைவிட அதிகமாக வரும். அப்படி வந்தால் வாயு என்று நாமே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது நம் வேலை.

ஹெபர்டன், ஃபிரீட்மன் யாருமே பெண்களுக்குக் கெடுதல் செய்ய நினைத்தவர்கள் இல்லை. கண்முன் இருந்தவர்களை எண்ணினார்கள், எண்ணியது வரை சரியாகவே எழுதினார்கள். எண்ணாதவர்களுக்கும் அதுவே பொருந்தும் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டதில்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன. பற்று எழுதி வரவு எழுதாத பேரேட்டை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். மருத்துவம் அப்படி ஒரு பேரேட்டை இருநூறு வருடத்துக்கு மேல் வைத்திருந்தது. இப்போதுதான் இன்னொரு பக்கத்தை எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அம்மா "ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் அசதி" என்று சொன்னால், ஒரு நிமிடம் உட்கார்ந்து எப்போதிலிருந்து என்று கேளுங்கள்.